கிடாரம் பெருத்தால் தயிர் பெருகுமா?

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மது அருந்துபவன் அல்லன். முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்க்கையில் அந்தப் பழக்கத்துக்கு அழைத்தவர்கள் பலர், போனதில்லை. ஆகவே, பியர் காய்ச்சும் ஒரு கொட்டிலைப் பற்றி இங்கே எழுதுகிறேன் என்பதற்காகச் சம்மாந்துறையிலிருந்து யாரும் தொலைபேசி எடுக்க வேண்டாம். எழுத வந்தது தயிரைப் பற்றித்தான். ஆனால் எங்கள் ஊர்த் தயிரில் நேர்ந்த ஒரு பிழை எனக்கு விளங்கியது, இலண்டன் புறநகரில் கண்ட அந்தக் கொட்டிலை நினைத்துப் பார்த்தபோதுதான். அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

2023 கோடையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக இலண்டன் போயிருந்தேன். கொழும்பில் என்னுடன் ஒரே மேசையில் செய்தி திருத்திய பழைய நண்பர், மட்டக்களப்புக்காரர், இப்போது ஹரோ பகுதியில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பின் அவருக்கு வாய்த்த பொழுதுபோக்கு, வீட்டின் பின்புறத்துத் தோட்டக் கொட்டிலில் பியர் காய்ச்சுவது. அந்த நாட்டில் அது குற்றம் இல்லை. 1963ஆம் ஆண்டு வரை வீட்டில் காய்ச்சுவதற்கு உரிமம் எடுக்க வேண்டியிருந்ததாம். நிதியமைச்சராயிருந்த ரெஜினால்ட் மோட்லிங் அந்த ஆண்டு அதை நீக்கினார். விற்காத வரை யாரும் கேட்பதில்லை. நம் நாட்டில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, உரிமமில்லாமல் காய்ச்சினால் மறியல்தான். இதை வாசித்துவிட்டு எவரும் அடுப்பு மூட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நண்பர் முதலில் ஐந்து கலன், அதாவது 23 லீற்றர் அளவில் காய்ச்சியிருக்கிறார். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி, 65 முதல் 68 பாகை வரை சூடான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக்கிவிடும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹொப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டு, இன்னுமொரு மணி நேரம் கொதிக்க வைத்து, 20 பாகை அளவுக்கு ஆற்றி, மதுவத்தைத் தூவி மூடிவைப்பது. சமையலறைப் பாத்திரங்களோடு சற்றுப் பெரிய பாத்திரம் ஒன்று இருந்தால் போதும். நன்றாகத்தான் வந்திருக்கிறது. நண்பர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 50 லீற்றர் காய்ச்சினால் என்ன என்று தோன்றியது. 70 லீற்றர் கொள்ளும் துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரமொன்றை வாங்கினார். அவர் வாயாலேயே சொன்னது இது: “பாத்திரத்த வாங்கினதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன். அங்கதான் தொடங்கிச்சு.”

முதல் இடி அடுப்பில். அவருடைய மின்சாரக் கொதிகலச் சூடாக்கி 3 கிலோவாற்று. அந்த நாட்டுச் சுவர்ச் செருகியொன்று தாங்குவது ஏறத்தாழ அவ்வளவுதான். 27 லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அதற்கு ஐம்பது நிமிடம். 60 லீற்றரென்றால், வெப்ப இழப்பைக் கணக்கில் எடுக்காமலே, ஒரு மணி ஐம்பது நிமிடம். இழப்பையும் சேர்த்தால் காலையில் தொடங்கிய வேலை இரவில்தான் முடியும். தனி மின்கம்பி இழுக்க வேண்டிவந்தது. இரண்டாவது, தூக்குவது. 25 கிலோ கொதிநீரை இரண்டு கையால் தூக்கி ஊற்றுகிறவன் 60 கிலோவைத் தூக்க முடியாது, முயன்றால் வைத்தியசாலைதான். ஆகவே ஒரு பம்பி, குழாய், பாத்திரங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிறுத்த இரும்புச் சட்டகம். மூன்றாவது, மதுவம். 23 லீற்றருக்கு ஒரு பொட்டலம் போதுமானால் 50 லீற்றருக்கு இரண்டுக்கு மேல் வேண்டும்; இவர் பழக்கதோஷத்தில் ஒன்றைத்தான் போட்டிருக்கிறார். மதுவம் மந்தமாகத் தொடங்க, இடையில் வேறு கிருமிகள் புகுந்துகொண்டன.

ஆனால் உண்மையான வில்லன் வேறு. ஆற்றுவது. 23 லீற்றர்ப் பாத்திரத்தைக் குளியலறைத் தொட்டியில், பனிக்கட்டி போட்ட நீரில் இறக்கி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறிவிடும். பெரிய பாத்திரம் தொட்டிக்குள் இறங்காது. வெளியில் வைத்தால் மறுநாள் காலையிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெதுவெதுப்பில், காற்றில் மிதக்கும் கிருமிக்கெல்லாம் விருந்து. முதல் 50 லீற்றரையும் அவர் கானுக்குள் ஊற்றியிருக்கிறார். அதன்பின் வாங்கியதுதான் செப்புக் குழாய்ச் சுருள். அதைக் கொதித்த நீருக்குள் இறக்கி, குழாய்க்குள் குளிர்நீரை ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சுருளைக் கையில் எடுத்து, புதுச்சங்கிலி காட்டும் மணப்பெண்போல் எனக்குக் காட்டினார். நான் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த ஆண்டு, அதாவது 2024இல், எங்கள் ஊரில் ஒரு ராத்தாவின் வீட்டு முற்றத்தில் நின்றபோது அந்தச் சுருள் நினைவுக்கு வந்தது.

அவரை இங்கே ராத்தா என்றே வைத்துக்கொள்வோம். கணவர் மறைந்த பிறகு இருபது ஆண்டுகளாக எருமைத் தயிர் போட்டு விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். நாளுக்குப் பத்து லீற்றர் பால். காலையில் பட்டியிலிருந்து பால் வரும். விறகடுப்பில், அகன்ற சட்டியில், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காய்ச்சுவார். இறக்கி வைத்துக் கிண்டிக்கிண்டி ஆற்றுவார். சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணுவார். சுடாமலும் குளிராமலும் இருந்தால் முந்தின நாள் தயிரிலிருந்து எடுத்துவைத்த உறைமோரைக் கலந்து மண்சட்டிகளில் ஊற்றி, கடதாசியால் மூடிக் கட்டிவைப்பார். மறுநாள் காலையில் சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. கல்முனையிலிருந்தும் ஆள் வந்து வாங்கிப்போன தயிர் அது.

அந்தச் சுண்டுவிரலில் இருந்தது முழு விஞ்ஞானம். தயிராக்கும் பற்றீரியாக்களுக்குப் பிடித்த வெப்பநிலை ஏறத்தாழ 42 பாகை. நீண்ட நேரம் காய்ச்சுவதால் பாலின் மோர்ப்புரதங்கள் குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. தயிர் கட்டியாவதற்கு அது பாதிக் காரணம். எருமைப்பாலில் கொழுப்பு ஏழு வீதமளவில், அதாவது பசுப்பாலை விட ஏறக்குறைய இருமடங்கு, இருப்பது இன்னொரு காரணம். மண்சட்டி மிச்ச நீரையும் உறிஞ்சி, மேற்பரப்பால் ஆவியாக்கி, தயிரை இறுக்கிக் குளிரவும் வைக்கிறது. ராத்தாவுக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை, பத்து லீற்றர் வரை.

2022இல் நாடு வங்குரோத்தானபோது பால்மாவுக்கு வரிசையில் நின்றோம். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. இறக்குமதிப் பால்மாவை நம்பி வளர்ந்த நாட்டுக்கு அப்போதுதான் உள்ளூர்ப் பாலின் அருமை தெரிந்தது. அதன் பின் வந்த வாழ்வாதார உதவித் திட்டங்களில் ஒன்று, பெயர் வேண்டாம், ராத்தாவையும் தேடி வந்தது. நல்ல நோக்கத்தோடுதான் வந்தது என்றே நம்புகிறேன். கடனாக ஒரு தொகை. அதில் நூறு லீற்றர் கொள்ளும் அலுமினியக் கிடாரமொன்றும் பெரிய எரிவாயு அடுப்பும். கையளிப்பு வைபவம், பதாகை, புகைப்படம், பத்திரிகைச் செய்தி. அந்த மாதிரிச் செய்திகளை வாழ்நாளில் எத்தனை நூறு திருத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அடுத்த ஆண்டு அந்தக் கிடாரம் என்ன ஆனது என்று ஒரு தடவையாவது நிருபரை அனுப்பிப் பார்த்திருக்கிறேனா? இல்லை.

அறுபது லீற்றர் போட்டார். முதல் வாரம் தயிர் நீர்விட்டது. இரண்டாம் வாரம் புளித்தது. சில சட்டிகளில் உறையவே இல்லை, பக்கத்துச் சட்டியில் கல்லுப்போல் இறுகியிருந்தது. அடிப்பிடித்த மணம் எல்லாவற்றிலும். திட்ட அலுவலர் வந்து பார்த்துவிட்டு, பாலில் தண்ணீர் கலந்திருக்கும், பட்டிக்காரனை மாற்றுங்கள் என்றாராம். இருபது ஆண்டு பால் தந்த பட்டிக்காரரோடு சண்டை வந்ததுதான் மிச்சம்.

நான் போன அன்று ராத்தா சொன்னார்: “தம்பி, இதுல பால் ஆறுதில்ல. மேல தொட்டா இளஞ்சூடு, கரண்டிய உள்ள விட்டா கொதிக்கிது. ரா எட்டு மணியாகியும் ஆறுதில்ல. நானும் எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கிட்டிருக்கிற?”

அப்போதுதான் ஹரோவின் கொட்டில் நினைவுக்கு வந்தது. கலைப் பட்டதாரியான எனக்குப் பௌதிகவியல் தூரத்து உறவு. ஆனால் இந்தக் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. ஒரு பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் அதற்குள் கொள்ளும் பால் எட்டு மடங்காகிறது. வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ நான்கு மடங்குதான். பாலில் ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் வெளிச்சுவர் பாதியாகிவிடுகிறது. இன்னும், பழைய சட்டி அகன்றது, கிடாரம் ஆழமானது. பத்து லீற்றர் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் ஆறினால், அறுபது லீற்றர் இரவு வரை எடுக்கும் என்பதில் அதிசயமில்லை.

அந்த இழுபறிக்குள்தான் எல்லாக் கெடுதியும் நடக்கிறது. கொதியில் சாகாத சில பற்றீரியா வித்திகள் உண்டு. பால் மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். பொறுமையிழந்து, மேற்பரப்பில் விரலை வைத்துப் பார்த்து உறைமோரை ஊற்றினால், நடுவிலிருக்கும் சூட்டில் நல்ல பற்றீரியாக்கள் வெந்துபோகும். போதாததற்கு, பத்து லீற்றருக்குப் போட்ட அதே ஒரு கோப்பை உறைமோரையே அறுபதுக்கும் போட்டிருக்கிறார். நண்பரின் மதுவப் பொட்டலக் கதையேதான். நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்தாலும் அறுபது லீற்றருக்கு ஒன்றேகால் லீற்றர் உறைமோர் வேண்டும். அடிப்பிடித்தலுக்குக் காரணம் எரிவாயு அடுப்பு. விறகின் பரந்த தணலுக்குப் பழகிய கை, மெல்லிய அலுமினிய அடியில் ஒரே இடத்தில் குத்தும் சுவாலைக்குப் பழகவில்லை. பட்டிக்காரர் மீது ஒரு பிழையும் இல்லை.

செப்புச் சுருளை இங்கே கொண்டுவந்தால் தீருமா என்றால், தீராது. செப்பு பாலுக்கு ஆகாது. சிறிதளவு கலந்தாலும் கொழுப்பைக் காறவைத்துவிடும். சுருளின் இடுக்குகளில் பால் ஏடு ஒட்டினால் கழுவவும் முடியாது. கடன்வாங்கும் யோசனையிலும் அளவு உண்டு. எங்கள் ஊருக்குத் தோதானது, கிடாரத்தை விட்டுவிட்டு, பதினைந்து லீற்றர் கொள்ளும் அகன்ற பாத்திரங்கள் நான்கை எடுத்து, சீமெந்துத் தொட்டியொன்றில் கிணற்று நீர் நிரப்பி அதில் இறக்கி வைத்துக் கிண்டுவது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அறுபது லீற்றர்ப் பாலை 90 பாகையிலிருந்து 45 பாகைக்கு இறக்க, தொட்டி நீர் பத்துப் பாகை சூடேறுவதாக வைத்துக்கொண்டால், சுமார் 260 லீற்றர் நீர் வேண்டும். கிணறுள்ள வீட்டுக்கு அது பெரிய காரியமல்ல. அந்த நீர் வீணாவதுமில்லை. சட்டி கழுவலாம், மிச்சம் தென்னைக்குப் போகும். நான்கு பாத்திரத்துக்கும் ஒரு வெப்பமானி. சுண்டுவிரலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது ஒரு சட்டிக்குப் பழகிய விரல்.

இன்னொன்றையும் கவனித்தேன். உறையவைக்கும் சட்டிகள் மட்டும் பெருக்கவில்லை. அதே ஒரு லீற்றர் மண்சட்டிதான். ஆனால் பத்துச் சட்டி இருந்த மூலையில் அறுபது சட்டி. நடுவிலிருப்பவை ஒன்றையொன்று சூடாக்கிப் புளிக்கின்றன, ஓரத்துச் சட்டிகள் மாரிக்காலக் குளிரில் உறையாமல் நிற்கின்றன. மரப்பெட்டிக்குள் வைக்கோல் திணித்து அதற்குள் வரிசையாக அடுக்கினால் சூடு சமமாக நிற்கும். சம்மாந்துறையில் வைக்கோலுக்கா பஞ்சம்? அறுவடை முடிந்தால் வட்டைகளில் கொளுத்தித் தள்ளுகிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பெரிய பாற்பண்ணைகள் ஆயிரக்கணக்கான லீற்றரில் தயிர் போடவில்லையா? போடுகின்றன. அவற்றிடம் இரட்டைச் சுவர்க் கொள்கலனும், சில நொடியில் பாலைக் குளிர்விக்கும் தட்டுக் குளிரூட்டியும், ஆய்வுகூடத்தில் வளர்த்த தூய உறையும் உண்டு. பத்து லீற்றரில் கை பார்த்துக்கொள்கிறது, ஆயிரம் லீற்றரில் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இடையிலிருக்கும் ஐம்பதும் நூறும்தான் ஆபத்தான அளவு. கையும் எட்டாது, இயந்திரமும் கட்டுப்படியாகாது. நமது வாழ்வாதாரத் திட்டங்களோ, பெண்களை நேரே அந்தப் பள்ளத்தில்தான் கொண்டுபோய் இறக்குகின்றன. காரணம் எளிது. கிடாரம் புகைப்படத்தில் தெரியும். சீமெந்துத் தொட்டியும் வெப்பமானியும் தெரியா. நண்பருக்கு நட்டம் ஒரு கான் நிறைந்த பியர், சிரித்துக்கொண்டு சொல்கிறார். ராத்தாவுக்கு நட்டம் கடன்.

சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. உயிரியலும் இரசாயனமும் படிக்கும் மாணவர் சிலரை வாரத்தில் ஒரு நாள் இந்த வீடுகளுக்கு அனுப்பி, எத்தனை மணிக்கு எத்தனை பாகை என்று எழுதவைத்தால், ஆண்டொன்றில் இந்தப் பகுதிக்கேற்ற ஒரு சிறு கைநூல் பிறந்துவிடும். உறைமோரை நாள்தோறும் பழையதிலிருந்தே எடுப்பதால் அது மெல்ல மெல்ல மாறிப்போகிறது. மாதமொருமுறை நல்ல உறை கொடுக்க ஓரிடம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு வெளிநாட்டு நிதி வேண்டியதில்லை.

பாலையும் மறந்துவிடலாகாது. எனது சிறுபிராயத்தில் சூடு மிதிக்க எருமைகளைப் பிணைத்து விடுவார்கள். போடியார் வீடுகளில் பட்டி இருந்தது, தயிர் விலைக்கு வாங்கும் பொருளாக இருக்கவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு காடும் புல்வெளியும் வயலாயின, பின்னர் உழவு இயந்திரம் வந்து எருமையை வயலிலிருந்து வெளியேற்றியது. மேய்ச்சல் தரை வழக்குகள் இன்றும் ஓயவில்லை. மட்டக்களப்பின் மயிலத்தமடுவில் கால்நடை வளர்ப்போர் 2023 செப்டெம்பரில் தெருவில் உட்கார்ந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் வட்டமடு, விவசாயிக்கும் பட்டிக்காரருக்கும் இடையே நெடுங்காலப் பகையாகவே இருக்கிறது. புல்லை ஒரு திணைக்களம் பார்க்கிறது, பாலை இன்னொன்று, கடனை மற்றொன்று. தயிர்ச் சட்டிக்குள் இவை மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

இப்போது ராத்தா இருபது லீற்றர் போடுகிறார், இரண்டு சட்டியில். ஒன்று பழைய சட்டி. மற்றதையும் அதே அளவில் தேடி வாங்கினார். தொட்டி கட்டி முடிந்துவிட்டது. வெப்பமானியை நான் கொழும்பிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் பார்த்த பிறகும் சுண்டுவிரலை விட்டு ஒருமுறை எண்ணிப் பார்க்கிறாராம். விரல் சொல்வதும் வெப்பமானி சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன என்று சென்ற வாரம் தொலைபேசியில் பெருமைப்பட்டார். பட்டிக்காரரோடு சமாதானமாகிவிட்டது.

அந்த நூறு லீற்றர்க் கிடாரம் நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சப் போனது. கஞ்சிக்கு நல்ல பாத்திரம்தான். ஆற வேண்டிய அவசியம் அதற்கில்லை. கடன் தவணை மட்டும் இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.